பிஸ்சேஃப் சான்றிதழ் உள்ள ஒப்பந்ததாரரின் வேலையை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி:
வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். கூரை ஒழுகலைச் சரிசெய்ய வந்த ஒப்பந்ததாரரிடம் பிஸ்சேஃப் (bizSAFE, நிறுவனங்களின் வேலையிடப் பாதுகாப்புத் திறனுக்குச் சிங்கப்பூரில் தரப்படும் படிநிலை அங்கீகாரம்) 3ஆம் நிலைச் சான்றிதழ் இருக்கிறது, காலாவதியும் ஆகவில்லை. ஆனால் அவர் கொடுத்த இடர் மதிப்பீட்டின் இரண்டாம் பக்கத்தில் வேறொரு கட்டடத்தின் பெயர் அப்படியே இருக்கிறது. அது கான்கிரீட் மொட்டைமாடி வேலைக்கு எழுதியது. எங்களுடையதோ தகரக் கூரை. வெளிச்சத்துக்காக இடையிடையே பதித்த, மிதித்தால் உடையக்கூடிய பிளாஸ்டிக் தகடுகள் வெயிலில் வெளுத்து, எது தகரம், எது பிளாஸ்டிக் என்று தெரியாத நிலையில் உள்ளன. வந்த நால்வரில் இருவர் துணை ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்பதும், வாசலில் வேலை அனுமதி அட்டையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். "சான்றிதழ் இருக்கும்போது ஏன் தடுக்கிறீர்கள்?" என்று மேலாளர் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில் 1:
நீங்கள் நிறுத்தியது சரி. 3ஆம் நிலை என்பது, அந்த நிறுவனம் இடர் மேலாண்மையை முறையாக நடைமுறைப்படுத்துகிறதா என்று தணிக்கையாளர் சோதித்ததற்கான சான்று. அவர் உங்கள் கூரையைப் பார்த்ததில்லை. வேலையிடப் பாதுகாப்புக்கான அனைத்துலகத் தரச்சான்றான ஐஎஸ்ஓ 45001 பெற்று, பிஸ்சேஃபின் உச்சமான ஸ்டார் நிலையில் இருக்கும் நிறுவனம் வந்தாலும் இதையேதான் சொல்வேன். 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இடத்தை நிர்வகிப்பவர்மீதும் கடமை சுமத்துகிறது. சான்றிதழின் நகலைக் கோப்பில் வைத்ததால் அந்தக் கடமை ஒப்பந்ததாரர் தலைக்கு மாறிவிடாது. தவிர, 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலை என்பதால் பணி அனுமதிச் சீட்டு (permit to work, அந்தக் குறிப்பிட்ட வேலையைத் தொடங்கலாம் என்ற எழுத்துபூர்வ ஒப்புதல்) கட்டாயம். இந்த இடர் மதிப்பீட்டை வைத்துக்கொண்டு அந்தச் சீட்டில் யார் கையெழுத்துப் போடுவார் என்று மேலாளரிடமே கேளுங்கள்.

பதில் 2:
நான் கூரை வேலை மேற்பார்வையாளன். துணை ஒப்பந்ததாரரின் ஆட்களைத் தனியே அழைத்து, பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை எங்கே மாட்டுவீர்கள் என்று அவர்களுடைய மொழியிலேயே கேளுங்கள். கூரையில் ஓர் இடத்தைக் காட்டினால், அது தாங்குமா என்று பார்க்கலாம்; மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்தால், யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை என்று பொருள். இன்னொன்று: வேலை நின்ற நாளுக்கு அவர்கள் சம்பளம் வெட்டப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூலி போய்விடும் என்ற பயம் இருந்தால், அடுத்த முறை எவரும் குறையை வாய் திறந்து சொல்ல மாட்டார்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கேட்டுப் பார்த்தேன், ஒருவர் மழைநீர்க் குழாயைக் காட்டினார். கையால் அசைத்தாலே ஆடும் குழாய் அது. மேலாளரை அழைத்துவந்து அதைக் காட்டியபின் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஒப்பந்ததாரர் நேரில் வந்து கூரையைப் பார்த்து மதிப்பீட்டைப் புதிதாக எழுதினார். பிளாஸ்டிக் தகடுகளின்மேல் பலகை மூடி, பாதுகாப்புக் கொக்கியை மாட்டுவதற்கான உயிர்க்கயிறு கட்டிய பிறகே வேலை தொடங்கும். நால்வருக்கும் அன்றைய சம்பளம் உண்டு என்று எழுத்தில் வாங்கியிருக்கிறேன்.