மறு: ‘ஸ்ட்ரெச்சிங்’ – நீட்டலா, விரித்தலா, துலக்கலா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வானப் படக் கையேட்டுக்கான கலைச்சொல் பட்டியலில் இரைச்சல், ஒளி மாசு, இருட்படம், சமவொளிப் படம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்துவிட்டன. பல படங்களை ஒன்றாகச் சேர்க்கும் ‘ஸ்டாக்கிங்’குக்கு அடுக்கல் என்பதையும் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டீர்கள். படத்தில் மங்கலாகக் கிடக்கும் ஒளியைக் கண்ணுக்குத் தெரியச் செய்யும் ‘ஸ்ட்ரெச்சிங்’ மட்டும்தான் பாக்கி. என் முன்மொழிவு ‘துலக்கல்’. அவசரத்தில் இதற்கு ‘நீட்டல்’ என்று எழுதி முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். புறநகரிலிருந்து பேரடையை (காலக்ஸி) படம் எடுக்கிறவருக்கு, மொத்த வேலையிலும் பேரடை முதன்முதலாகக் கண்ணில் படுவது இந்தக் கட்டத்தில்தான்.

எம்74 என்ற சுருள் பேரடையை எடுத்துக்கொள்வோம். மீன ராசிப் பக்கம் இருப்பது, 1780-இல் பியர் மெஷான் கண்டது. சென்னைக்கு டிசம்பர் தொடக்கத்தில் இரவு 9 மணி வாக்கில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே வந்துவிடும், மழை மேகம் விலகினால் இடம் அருமை. ஆனால் வான்பொருள்களைத் தொகுத்த மெஸ்ஸியே பட்டியலிலேயே கண்ணுக்குப் பிடிபடாத பொருள்களில் ஒன்று என்று பேர் வாங்கியது. அதன் ஒளி அகலமாகப் பரவிக் கிடப்பதால் மேற்பரப்பு மங்கல். தாம்பரம் மாதிரிப் புறநகரில் அதன் வெளிக்கரங்களின் ஒளி, தெருவிளக்குகளால் வெளுத்த வானத்தின் ஒளியில் நூற்றில் ஓரிரு பங்கு தேறினாலே அதிகம். பழைய சோடியம் விளக்கு பெரும்பாலும் மஞ்சளை ஒட்டிய பட்டையில்தான் எரியும், அதை ஓரளவு வடிகட்ட முடிந்தது. இப்போதைய வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் ஒளியைக் கொட்டுகிறது. பேரடையின் ஒளியும் விண்மீன்களின் ஒளிதான், அதுவும் எல்லா நிறத்திலும் வருவது. ஆகவே வடிகட்டி அதிகம் கைகொடுக்காது. ஓரிரு நிமிடப் படங்களாக நிறைய எடுத்து அடுக்குவதுதான் வழி. நான்கு மடங்கு படம் சேர்த்தால் குறிகை-இரைச்சல் விகிதம் (நமக்கு வேண்டிய ஒளிக்கும் படத்தில் கலந்த பொட்டுப்பொட்டான குறைக்கும் உள்ள விகிதம்) இரண்டு மடங்காகும்.

சரி, அடுக்கியாயிற்று, வானப் பின்னணியையும் கழித்தாயிற்று. கோப்பைத் திறந்தால் ஒரே கறுப்பு, அங்கங்கே சில விண்மீன்கள். 16 பிட் கோப்பில் 0 முதல் 65,535 வரை இடம் இருக்கிறது. பேரடையோ அதன் அடிமட்டத்தில் ஒரு சிறு மூலையில் நெருக்கியடித்துக் கிடக்கிறது. எந்த ஒளி அளவு எவ்வளவாக மாற வேண்டும் என்று சொல்லும் ஒரு வளைகோட்டால் அந்த மூலைக்குக் கூடுதல் இடம் ஒதுக்கிக் கொடுத்ததும் சுருள் கரங்கள் தெரிகின்றன. புதிதாக ஒரு துளி ஒளியும் சேரவில்லை. நாம் தேர்ந்தெடுக்கும் சொல் இந்தச் செய்தியைச் சுமக்க வேண்டும் என்பதே என் வாதம். இனி, குழுவில் நீங்கள் எழுதியவற்றை மேற்கோள் காட்டிப் பதில் சொல்கிறேன்.

> நீட்டல் எளிமையான சொல், எல்லோருக்கும் புரியும்.

புரிவது வேறாகப் புரியும் ஐயா. ‘படத்தை நீட்டு’ என்று சொன்னால் நம் ஆட்கள் ஓரத்தைப் பிடித்து இழுப்பார்கள், வட்டமான பேரடை முட்டை வடிவமாகும். வடிவத்தை மாற்றுவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஒரே மென்பொருள் பட்டியலில் இரண்டு வேலைக்கும் ஒரே பெயர் வைத்தால் புதிதாக வருகிறவர் திணறுவார்.

> நெருங்கிய அளவுகளை அகலமாக்குவதால் ‘விரித்தல்’ பொருத்தம்.

இதை எழுதிய அக்கா சொல்லும் விளக்கம் கணக்குப்படி மிகச் சரி. என் தயக்கம் ஒன்றுதான்: கைபேசியில் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குவதையும் விரிப்பது என்றே சொல்கிறோம், பள்ளிப் பாடத்தில் விரிகதிர் வேறு இருக்கிறது. வரையறைக்குள் ‘விரித்து’ என்ற வினையை வைத்துக்கொள்ளலாம், பெயராக வேண்டாம்.

> துலக்கல் என்றால் அழுக்கை நீக்குவது. இது எதையும் நீக்குவதில்லையே, இரைச்சலையும் சேர்த்தல்லவா காட்டுகிறது?

இதுவரை வந்ததில் வலுவான மறுப்பு இதுதான். பாத்திரம் துலக்குவது மட்டும்தான் அந்தச் சொல் என்றால் நானும் விட்டுவிடுவேன். துப்புத் துலக்குகிறோம். அங்கே நீக்கப்படுவது எது? ஏற்கெனவே அங்கே கிடந்து, பார்வைக்குத் தப்பியது தெரியவருகிறது. துலங்குதல் என்றால் தெளிவாகத் தெரிதல், அதைச் செய்விப்பது துலக்குதல். இரைச்சலும் கோப்பில் இருப்பதுதானே, அதுவும் சேர்ந்து துலங்கத்தான் செய்யும்.

நம் ஸ்டூடியோக்காரர்கள் இந்தத் திசையில் முன்பே போயிருக்கிறார்கள். ஃபிலிமில் மறைந்திருந்த படத்தை வெளியே கொண்டுவரும் வேலைக்கு அவர்கள் சொன்னது ‘ஃபிலிம் கழுவுதல்’. யாரும் அழுக்கு எங்கே என்று கேட்கவில்லை! கழுவலுக்குப் பக்கத்தில் துலக்கல் இயல்பாகவே உட்காரும். ஃபிலிம் காலத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது: ஆஸ்திரேலியாவில் டேவிட் மாலின் 1970களில், எடுத்து முடித்த கண்ணாடித் தகடுகளிலிருந்தே மிக மங்கலான விவரங்களைப் பிரதியெடுக்கும் முறையால் வெளிக்கொணர்ந்தார். நீள்வட்டப் பேரடைகளைச் சுற்றி ஓடு போலச் சூழ்ந்திருந்த மங்கல் ஒளி வளைவுகள் அப்படித்தான் தெரியவந்தன. அதை நீட்டல் என்று எழுத மனம் வருமா?

அப்புறம், ஒரு சொல் வாக்கியத்தில் வளைந்து கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘நிறத்திருத்தம் முடித்துவிட்டுத் துலக்கவும்.’ ‘துலக்காத கோப்பையும் பத்திரப்படுத்தவும்.’ ‘மிகையாகத் துலக்கினால் பேரடையின் மையம் வெளுத்துவிடும்.’ ‘கரங்கள் இன்னும் துலங்கவில்லை, கூடுதல் படங்கள் தேவை.’ நான்கும் தடங்கலில்லாமல் ஓடுகின்றன. கடைசி வாக்கியத்தை நீட்டலை வைத்து எழுதிப் பாருங்கள்.

துணைச்சொற்களும் தேவைப்படும். ராபர்ட் லப்டன் குழுவினர் 2004-இல் எழுதிய கட்டுரையால் பரவலான ‘அசின்ஹெச்’ என்ற கணிதச் சார்பின் வளைகோடு, மங்கல் பகுதியில் நேர்கோடு போலவும் பிரகாசப் பகுதியில் மடக்கை போலவும் நடக்கும். அவர்கள் முறை மூன்று நிறங்களின் விகிதம் கெடாமல் பார்த்துக்கொள்வதால் விண்மீன்கள் எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகிவிடாது. அதற்கு ‘நிறம் காக்கும் துலக்கல்’ என்று முன்மொழிகிறேன்.

பட்டியலுக்கான என் வரைவு:

துலக்கல் (வினை: துலக்கு, துலங்கு): அடுக்கிய படத்தில் அடிமட்டத்தில் நெருங்கிக் கிடக்கும் ஒளி அளவுகளை ஒரு வளைகோட்டால் விரித்து, கண்ணுக்குத் தெரியச் செய்தல்.

இலங்கை உறுப்பினர்களிடம் ஒரு கேள்வி: உங்கள் பக்கம் துலக்கல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது என்ன? வேறு பொருள் முந்திக்கொள்ளும் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், பட்டியல் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.