பாட்டி வீட்டு வழிக்கு ஒரு ஸ்கிராம்ப்ளர்

குழு: முத்துவேல் குடும்பம்
ஞாயிறு, இரவு 8.40

பெரியப்பா (ஈசூன்): செல்வி, மலேசியாவிலிருந்து, கூலாயிலிருந்து வந்து சேர்ந்தாயா? நீ வாங்க நினைக்கிற ஸ்கிராம்ப்ளரை, மண்வழியிலும் ஓடுகிற அந்த உயரமான மோட்டார்சைக்கிளை, முரளியிடம் வாங்கி ஓட்டிப் பார்த்தாயே, எப்படி? தார் ரோட்டில் எப்படி, பாட்டி வீட்டுக்குப் போகிற எண்ணெய்ப்பனைத் தோட்டத்து வழியில் எப்படி, தனித்தனியாகச் சொல்.

அம்மா: முதலில் சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.

செல்வி: சாப்பிட்டேன் அம்மா, அத்தை புளிச்சோறு கட்டிக்கொடுத்தார். பெரியப்பா, எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

கதிர்: நிதானமாக எழுது. சிஓஇ, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான உரிமச் சான்று, அதற்கு மட்டுமே ஆயிரக்கணக்கில் வெள்ளி போகிறது. 10 வருஷம் கூடவே இருக்கப்போகிற வண்டி.

அண்ணி: முரளியின் வண்டியையே இங்கே கொண்டுவந்து ஓட்டிப் பார்த்திருக்கலாமே?

கதிர்: முடியாது. மலேசியாவில் பதிவான வண்டியை நாம் சிங்கப்பூருக்குள் ஓட்டக்கூடாது, நாம் குடிமக்கள். அங்கே ஓட்டலாம், நம் லைசென்ஸ் அங்கே செல்லும். அதனால்தான் அவள் பேருந்தில் போய் அங்கே ஓட்டினாள்.

செல்வி: சரி, சொல்கிறேன். வண்டி யமஹா டபிள்யூஆர் 155ஆர். 155 சிசி, அதனால் 200 சிசி வரைக்குமான என் 2பி லைசென்ஸுக்குள் அடங்கும். தண்ணீர் குளிர்விப்பு, ஆறு கியர். எடை 134 கிலோ. முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18. சீட் உயரம் 880 மில்லிமீட்டர்! அண்ணனின் வண்டியில் இரண்டு காலும் பதிய நிற்கிறேன். இதில் இரண்டு பக்கமும் நுனிவிரல்தான் படுகிறது.

அம்மா: அப்படியென்றால் வேண்டாம்.

செல்வி: அம்மா, முழுவதும் கேளுங்கள். ஏறி உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கி வண்டி கொஞ்சம் இறங்கிக் கொடுக்கிறது. அப்புறம் சீட்டில் இடது பக்கம் சற்று நகர்ந்து உட்கார்ந்தால் இடது பாதம் முழுவதும் தரையில் பதிகிறது. வலது கால் பிரேக்கிலேயே இருக்கும். நிற்கும்போது ஒரு கால் போதும். இறங்கி எவ்வளவோ நேரம் தள்ளிப் பார்த்தேன், 134 கிலோவை என்னால் சமாளிக்க முடிகிறது.

பெரியப்பா (ஈசூன்): அதுதான் வழி. எந்தக் காலை ஊன்றப் போகிறோம் என்பதை நிற்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ரோடு எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் ஊன்றாதே. மேடான பக்கம் ஊன்று.

முரளி (கூலாய்): வணக்கம் பெரியப்பா. புறப்படுவதற்கு முன்னால் டயரில் காற்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். தார் ரோட்டுக்கு வழக்கமான காற்று. தோட்டத்து வாசலில் கொஞ்சம் இறக்கினோம்.

கதிர்: எவ்வளவு இறக்கினாய்?

முரளி (கூலாய்): முன்னும் பின்னும் 18 பிஎஸ்ஐ. இதற்கும் கீழே நான் போகமாட்டேன். கம்பிச் சக்கரம், உள்ளே டியூப். காற்று ரொம்பக் குறைந்தால் கல்லில் இடிக்கும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிப் பஞ்சராகிவிடும். திரும்பித் தார் ரோட்டுக்கு வந்ததும் கைப்பம்பால் ஏற்றிவிட்டோம்.

பெரியப்பா (ஈசூன்): நல்ல பிள்ளை.

செல்வி: முதலில் தார் ரோடு. கூலாயிலிருந்து கோத்தா திங்கி போகிற சாலை. முரளி தன் அப்பாவின் வண்டியில் முன்னால் போனான். டவுனுக்குள் இந்த வண்டி சுகம். ஹேண்டில் அகலம், உட்காரும் இடம் உயரம், கார் கூரைக்கு மேலே பார்வை போகிறது. மூன்று கார் தள்ளி ஒருவர் பிரேக் பிடிப்பதுகூடத் தெரிகிறது. குழி, ரோட்டுக்கு நடுவில் உயர்ந்து நிற்கும் சாக்கடை மூடி, வேகத்தடை எதுவுமே முதுகுக்குத் தெரியவில்லை.

செல்வி: சிக்னலில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் நன்றாகக் குனிகிறது. ஸ்பிரிங் நீளம் என்பதால் அப்படி. முன்பிரேக்கைச் சட்டென்று பிடிக்காமல் மெதுவாக ஆரம்பித்து அழுத்தினால் குனிவது குறைகிறது. சக்கரம் பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ் கிடையாது, அது நினைவில் இருக்க வேண்டும். வளைவில் அண்ணனின் 17 அங்குலச் சக்கர வண்டி நினைத்ததும் சாயும். இது கொஞ்சம் யோசித்துத்தான் சாய்கிறது. பயமாக இல்லை, பழக வேண்டும்.

கதிர்: எக்ஸ்பிரஸ்வேயில் தாக்குப் பிடிக்குமா? தினமும் பிகேஇ, பிஐஇ வழியாக ஜூரோங் போகப்போகிறாய். எனக்கு அதுதான் கவலை. பின்னால் டிரெய்லர் வரும்.

செல்வி: 80 வரைக்கும் இன்னும் சக்தி மீதி இருப்பது தெரிகிறது. 90 அந்தச் சாலையின் வரம்பு, அதற்கு மேல் நான் போகவில்லை. 90-இல் காற்று நேராக நெஞ்சில் மோதுகிறது, மறைக்கக் கண்ணாடி எதுவும் இல்லை. லாரி தாண்டிப் போனால் அகல ஹேண்டில் வழியாக அந்தக் காற்று கைக்கு வருகிறது. முந்துவதற்கு ஒரு கியர் இறக்கி ஆக்சிலேட்டரை முறுக்கினால், அதிகச் சுற்றில் இன்ஜின் சத்தம் மாறி ஒரு புதுத் தெம்பு வருகிறது. அதுதான் விவிஏ என்று முரளி சொன்னான்.

முரளி (கூலாய்): ஆமாம் அண்ணா. இன்ஜின் வால்வைத் திறக்க, குறைந்த சுற்றுக்கு ஒரு கேம், அதிகச் சுற்றுக்கு ஒரு கேம். சுற்று ஏறியதும் தானாக மாறும். அதனால் கீழேயும் இழுக்கும், மேலேயும் மூச்சு வாங்காது. ஆனால் இந்த ரக வண்டிகளில் சீட் ஒடுக்கம். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே ஓட்டினால் வலிக்கும். நான் அவ்வப்போது எழுந்து நின்று ஓட்டுவேன்.

அத்தை (கூலாய்): மூன்று மணிக்கு நல்ல மழை. மழை விட்ட பிறகுதான் இரண்டு பேரையும் தோட்டத்துக்குள் போக விட்டேன். மாமா ஆபீஸில் சொல்லி அனுமதி வாங்கிவிட்டார், கேட்டில் இருக்கும் காவலாளி ஜாகாவுக்கும் தெரியும்.

அம்மா: மழை விட்ட பிறகா? செம்மண் வழுக்குமே!

செல்வி: அதுதான் நல்லதாகப் போயிற்று அம்மா. காய்ந்த வழியில் மட்டும் ஓட்டியிருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும்.

பெரியப்பா (ஈசூன்): இப்போது சொல். நான் காத்திருந்தது இதற்குத்தான்.

செல்வி: கேட் தாண்டினால் முதலில் சரளை. லாரி போய்ப்போய் இரண்டு தடம் இறுகிக் கிடக்கிறது, நடுவில் கல் குவிந்து மேடாக இருக்கிறது. தடத்துக்குள் போனால் தார் ரோடு மாதிரிதான். எதிரே குலை ஏற்றிய லாரி வந்தால் ஓரத்துக்கு ஒதுங்க வேண்டும், அப்போது நடுமேட்டைக் குறுக்கே தாண்ட வேண்டும். சரளை ஆழமாக இருக்கும் இடத்தில் முன்சக்கரம் இடமும் வலமும் அலைகிறது. கை தானாக இறுகுகிறது. இறுக இறுக அலைச்சல் கூடுகிறது.

பெரியப்பா (ஈசூன்): முறைத்துக்கொண்ட மாட்டின் கயிறு மாதிரிதான் அது, விட்டுப் பிடிக்க வேண்டும்.

செல்வி: நீங்கள் போன வாரம் போனில் சொன்னதைத்தான் செய்தேன். எழுந்து பெக்கில், அதாவது கால் வைக்கிற கம்பியில், நின்றேன். முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டேன், முழங்கையை வெளியே விரித்து, விரலைத் தளர விட்டேன். பார்வையை முன்சக்கரத்தில் வைக்காமல் தூரத்துப் பனை வரிசையில் வைத்தேன். ஆக்சிலேட்டரை மூடாமல் ஒரு நூல் அளவுக்குத் திறந்தே வைத்தேன். அவ்வளவுதான் பெரியப்பா, வண்டி கீழே அது பாட்டுக்கு ஆடுகிறது, நான் மேலே அசையாமல் போகிறேன்! தார் ரோட்டில் குனிந்த அதே ஸ்பிரிங் இங்கே ஒவ்வொரு கல்லையும் வாங்கிக்கொள்கிறது. வளைவில் சாயத் தயங்கிய அந்த 21 அங்குலச் சக்கரம்தான் இங்கே கல்மேல் ஏறி இறங்கி நேராகப் போகிறது.

கதிர்: அதாவது தார் ரோட்டில் குறை என்று நினைத்ததெல்லாம் இங்கே குணம்.

செல்வி: அப்படித்தான் அண்ணா. ஒரே நாளில் இரண்டு ரோட்டிலும் ஓட்டியதால்தான் இது புரிந்தது. கடை வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருந்தால் மெத்து மெத்தென்று இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

செல்வி: பிரேக் விஷயம். சரளையில் முன்பிரேக்குக்கு இரண்டு விரல், அதுவும் மெதுவாக. பின்பிரேக்தான் அதிக வேலை. வேண்டுமென்றே ஆளில்லாத நேர்வழியில் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்சக்கரத்தைப் பூட்டிப் பார்த்தேன். வால் ஒரு பக்கம் போகிறது, பிரேக்கை விட்டால் திரும்பி வருகிறது. எந்த அழுத்தத்தில் பூட்டுகிறது என்பது காலுக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா: இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

பெரியப்பா (ஈசூன்): தங்கச்சி, பயப்படாதே. மெதுவான வேகத்தில் வழுக்கிப் பார்த்தவள்தான் அவசரத்தில் பதற மாட்டாள். அந்தக் காலத்தில் சுவா சூ காங் பக்கம் கம்பத்து (கிராமத்து) வழியெல்லாம் செம்மண். மழைக்காலத்தில் வேலைக்குப் போகும்போதே இதைப் படித்துக்கொண்டோம். இப்போது சிங்கப்பூரில் அப்படிப் பழக இடமே இல்லை. காலி நிலம் தெரிந்தாலும் அது பெரும்பாலும் அரசாங்க நிலம், உள்ளே வண்டி விடக்கூடாது.

அண்ணி: செல்வி, ஈரச் செம்மண்ணில் எப்படி?

செல்வி: பாட்டி வீட்டுக்குத் திரும்பும் கடைசித் துண்டு முழுக்கச் செம்மண் அண்ணி. டயரின் பள்ளத்தில் மண் அப்பிக்கொண்டால் பிடிப்பு போய்விடுகிறது. அங்கே நிற்கவில்லை, உட்கார்ந்து, இரண்டாம் கியரில், காலைக் கீழே தொங்கவிடத் தயாராக மெதுவாகப் போனேன். இன்னொன்று, லாரியிலிருந்து விழும் உதிரிப் பழம். சிவப்பாக, நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக, தடத்துக்குள்ளேயே கிடக்கும். நசுங்கினால் எண்ணெய்தானே! வளைவில் அதன்மேல் ஏறக்கூடாது என்று முரளி ஒவ்வொரு இடத்திலும் கை நீட்டிக் காட்டினான்.

மாமா (கூலாய்): பாட்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் பிள்ளைகள் மெயின் ரோட்டில் காரை விட்டுவிட்டு, என் வேனுக்காகக் காத்திருந்துதானே வருவார்கள். மருந்து, சத்துமாவு, டயப்பர் எல்லாம் என் வேன் வந்தால்தான் வீடு சேரும். இவள் நேரே வாசல்வரை வந்துவிட்டாள்.

அண்ணி: சாமான் எதில் வைப்பாய்?

செல்வி: பின்னால் சின்ன ரேக் போடலாம் அண்ணி. கனமானதை ரேக்கில் வைத்தால் முன்பக்கம் லேசாகிச் சரளையில் இன்னும் அலையும். அதனால் மருந்து, கனமான டப்பா எல்லாம் முதுகுப்பையில். டயப்பர் மாதிரிப் பெரிய, லேசான பொட்டலம் ரேக்கில்.

கதிர்: சரி, இப்போது என் கேள்வி. சரளை எத்தனை தூரம்? நான்கு, ஐந்து கிலோமீட்டர். மற்றதெல்லாம் தார். அந்த நாலு கிலோமீட்டருக்காக 880 மில்லிமீட்டர் உயரத்தில் தினமும் உட்காரப் போகிறாயா? சாதாரண 150 சிசி ரோட்டு வண்டியும் மெதுவாகப் போனால் பாட்டி வீட்டுக்குப் போய்விடும்.

செல்வி: போகும் அண்ணா, காய்ந்த நாளில். ஆனால் தெங்கா பக்கம் வேலை நடக்கிற இடங்களை நினைத்துப் பார். ரோட்டின் குறுக்கே இரும்புத் தகடு, மழையில் அது சோப்பு. டிப்பர் லாரி உதிர்த்துவிட்டுப் போகிற மண். நான் அதிகாலை ஷிஃப்டுக்கு இருட்டில் போகிறவள். இன்று ஈரத்தில் வண்டி கீழே அசைந்தபோது நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சரளையில் பழகிய கை தார் ரோட்டிலும் உதவும்.

பெரியப்பா (ஈசூன்): அது உண்மை. ஆனால் இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இந்த உயரத்துக்கு உண்மையான சோதனை சரளையில் இல்லை, தார் ரோட்டிலும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி.

கதிர்: ஆமாம்!

பெரியப்பா (ஈசூன்): ஜொகூருக்குப் போகிற கடற்பாலத்தில் மோட்டார்சைக்கிள் தடம் முழுக்க வண்டி. இரண்டடி நகரும், நிற்கும். மறுபடி இரண்டடி. ஹேண்டிலுக்கு ஹேண்டில் ஒட்டி நிற்பார்கள். சரிவு வேறு. அங்கே இடது பக்கம் நகர்ந்து உட்கார இடம் இருக்காது, நுனிவிரலில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். காலை ஊன்றுகிற இடத்தில் எண்ணெய் சிந்தியிருக்கும். சரளையில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும், அதனால் உயரம் தெரியாது. நின்று நின்று போகிற இடத்தில்தான் உயரம் தெரியும். செல்வி இன்னும் அதை ஓட்டிப் பார்க்கவில்லை.

செல்வி: இதை நான் யோசிக்கவே இல்லை பெரியப்பா. முரளியின் வண்டியைக் கடற்பாலம் தாண்டி நான் ஓட்டி வர முடியாதே. எப்படிச் சோதிப்பது?

முரளி (கூலாய்): லோயரிங் லிங்க் போட்டு உயரத்தைக் குறைக்கலாமே?

பெரியப்பா (ஈசூன்): சிங்கப்பூரில் வண்டியில் எதை மாற்றினாலும் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) விதிக்குள் வருமா என்று முதலில் பார்க்க வேண்டும். மாற்றினால் அடியில் இருக்கும் இடைவெளியும் குறையும். அதைவிட சீட் ஸ்பாஞ்சைக் கொஞ்சம் செதுக்கலாம். இருக்கிற ஒடுக்க சீட் இன்னும் கெட்டியாகும், அது தெரிந்துதான் செய்ய வேண்டும். தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸும் ஒரு விரல் உயரம் கொடுக்கும்.

கதிர்: காக்கி புக்கிட்டில் ஒரு கடையில் இந்த மாடல் நிற்கிறது. எல்லாக் கடையிலும் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், ஆனால் உட்கார்ந்து தள்ளிப் பார்க்க விடுவார்கள். இன்ஜினை அணைத்து, உட்கார்ந்தபடியே காலால் இரண்டடி இரண்டடியாக முன்னும் பின்னும் நகர்த்து. கடை வாசலில் சரிவு இருக்கிறது. கால்மணி நேரம் அப்படிச் செய்தால் தெரிந்துவிடும்.

பெரியப்பா (ஈசூன்): அதே. நானும் வருகிறேன். இரண்டு பக்கமும் நாங்கள் வண்டியோடு நெருக்கி நிற்கிறோம், நடுவில் நீ நகர்ந்து காட்டு. அதில் கால் நடுங்கவில்லை என்றால் வாங்கு. நடுங்கினால் சீட் செதுக்கிய பிறகு இன்னொரு முறை பார்ப்போம். அதுவும் சரிவரவில்லை என்றால் தாழ்வான வண்டி, பாட்டி வீட்டுக்கு மாமாவின் வேன்.

செல்வி: சம்மதம் பெரியப்பா. எனக்கு இந்த வண்டி ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனாலும் நீங்கள் சொல்கிற சோதனையில் தேறினால்தான்.

அம்மா: எனக்கும் ஒரு நிபந்தனை. கையுறை, முழங்கால் கவசம், கணுக்கால் மூடுகிற பூட்ஸ் எல்லாம் வண்டிக்கு முன்னால் வாங்க வேண்டும். பணம் நான் தருகிறேன்.

செல்வி: சரி அம்மா.

அண்ணி: நாளைக்கே பூட்ஸ் பார்க்கலாம், எனக்கு லீவு.

கதிர்: சனிக்கிழமை 11 மணி, காக்கி புக்கிட். புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு வா, செருப்போடு உயரம் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. பெரியப்பா, உங்களை நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

பெரியப்பா (ஈசூன்): பத்தரைக்குப் புளோக் கீழே நிற்பேன்.