இடைச்செருகலா, இடைப்புகலா? கிராஃபைட் மின்வாய்க்கு ஒரு சொற்குடும்பம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். லித்தியம் அயனி மின்கலத்தில் கிராஃபைட் செய்யும் வேலையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதத் தொடங்கி, இரண்டாம் பத்தியிலேயே நின்றுவிட்டேன். கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு நடுவே லித்தியம் போய் அமர்வதை 'இன்டர்கலேஷன்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். இடைச்செருகல், ஊடுருவல், அடுக்கிடைச் சேர்க்கை என்று மூன்று பரிந்துரைகள் வந்தன. மூன்றையும் கட்டுரைக்குள் போட்டு முழுப் பக்கங்களாக எழுதிப் பார்த்தேன். தனியாக நிற்கும்போது நன்றாகத் தோன்றிய சொல் வாக்கியத்துக்குள் போனதும் தடுமாறுகிறது. அதனால்தான் இந்த நீண்ட மடல்.

முதலில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். கிராஃபைட் என்பது கார்பன் அணுக்கள் அறுகோணமாகப் பின்னிய தட்டையான ஏடுகளின் அடுக்கு. ஒரே ஏட்டுக்குள் பிணைப்பு மிக வலுவானது. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவில் இருப்பதோ மெல்லிய ஈர்ப்பு, இடைவெளி 0.335 நானோமீட்டர். மின்னேற்றும்போது லித்தியம் ஏடுகளின் ஓரம் வழியாக அந்த இடைவெளிக்குள் வருகிறது. முழுக்க நிரம்பியதும் ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கு. அப்போது இடைவெளி 0.370 நானோமீட்டராக விரிகிறது, ஏறக்குறைய 10 விழுக்காடு. இன்னொன்றும் நடக்கிறது. வெறும் கிராஃபைட்டில் ஏடுகள் ஒன்றுக்கொன்று சற்று விலகி அடுக்கப்பட்டிருக்கும். லித்தியம் நிரம்பியதும் அவை நகர்ந்து நேருக்கு நேராக நின்றுகொள்கின்றன. மின்னிறக்கத்தில் லித்தியம் வெளியேற, ஏடுகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இது ஆயிரம் முறை நடந்தாலும் ஏடு கிழிவதில்லை. நமக்கு வேண்டிய சொல் இதைத்தான் தாங்க வேண்டும்: வருவது, இடம் கிடைப்பது, திரும்பிப் போவது, இடம் கொடுத்தது குலையாமல் இருப்பது.

இப்போது 'இடைச்செருகல்'. கேட்டதும் புரிகிற சொல் என்பதால் பெரும்பாலோர் இதையே விரும்புகிறீர்கள் என்று தெரிகிறது. எனக்கு இரண்டு தயக்கங்கள். பழைய நூல்களில் பிற்காலத்தார் எழுதிச் சேர்த்த பாடல்களை இடைச்செருகல் என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் 'இது இங்கே இருக்க வேண்டியது இல்லை, நீக்க வேண்டும்' என்ற எண்ணம் சேர்ந்தே வருகிறது. லித்தியம் அப்படி இல்லை. அது வந்து தங்குவதற்காகவே கிராஃபைட்டை அங்கே வைத்திருக்கிறோம்.

இரண்டாவது தயக்கம் இலக்கணம் சார்ந்தது, எனக்கு அதுதான் பெரிது. செருகு என்பது செயப்படுபொருள் கேட்கும் வினை. யாரோ ஒருவர் எதையோ செருக வேண்டும். 'லித்தியம் கிராஃபைட்டில் செருகுகிறது' என்று எழுதினால் எதைச் செருகுகிறது என்று வாசகர் காத்திருப்பார். 'செருகப்படுகிறது' என்று எழுதினால் ஒவ்வொரு வாக்கியமும் செயப்பாட்டு வினையில் முடியும். நான் எழுதிய ஒரு பக்கத்தில் பதினொரு 'படுகிறது' வந்தது. படிக்கவே முடியவில்லை.

ஊடுருவல் என்பதை விரைவாகக் கடந்துவிடலாம். உருவுதல் என்றால் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளிவருவது. லித்தியம் ஏட்டைத் துளைத்துக்கொண்டு போவதில்லை, ஏடுகளுக்கு நடுவே நிற்கிறது. அடுக்கிடைச் சேர்க்கை பொருளில் சரிதான். ஆனால் அதிலிருந்து வினை பிறக்காது. 'அடுக்கிடைச் சேர்ந்த' என்று எழுதினால் வேறெங்கோ போகிறது.

என் பரிந்துரை இடைப்புகல்.

புகு தன்வினை, புகுத்து பிறவினை. லித்தியம் தானாகப் புகுவதையும் நாம் மின்னழுத்தம் கொடுத்துப் புகுத்துவதையும் ஒரே வேரிலிருந்து வேறுபடுத்திச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழ் இங்கே ஒரு படி தெளிவாக இருக்கிறது. லித்தியம் உலோகத்தையும் கிராஃபைட்டையும் சேர்த்துச் சூடாக்கினால் நடப்பது இடைப்புகல்; மின்கலத்தில் மின்னேற்றி நடத்துவது இடைப்புகுத்தல். 'இடைப்புகுந்த லித்தியம்', 'இடைப்புகாத ஏடுகள்', 'இடைப்புகும் வேகம்' எல்லாம் இயல்பாக வருகின்றன. எதிர்ச்செயலுக்கு இடைநீங்கல்.

புகல் என்றால் அடைக்கலமும்தானே. அப்படியானால் கிராஃபைட்டை என்ன சொல்வது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது: புகலிடம். வேதியியலில் இடம் கொடுக்கும் பொருளுக்கு 'ஓம்பி' என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார், அதுவும் அழகுதான். ஆனால் உயிரியலில் ஓம்புயிர் என்பது ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்கும் உயிருக்கு ஏற்கெனவே வழங்குகிறது. புகலிடம், புகுபொருள் என்ற இணை குழப்பம் தராது.

இன்னொரு பொருத்தம் அகராதியைப் புரட்டும்போது கண்ணில் பட்டது. இன்டர்கலேஷன் என்பதன் மூலம் இலத்தீன். ரோமானியர் நாட்காட்டியில் பருவத்தோடு கணக்கு ஒத்துப்போகாதபோது நடுவே ஒரு மாதத்தைச் சேர்ப்பார்கள். அதைப் பூசகர்கள் உரக்க அறிவிப்பார்கள். 'இன்டர்' என்றால் இடையே, 'கலாரே' என்றால் அறிவித்தல். தமிழில் புகலுதல் என்றால் சொல்லுதல், அறிவித்தல். ஆக இடைப்புகல் என்பதை அந்த இலத்தீன் சொல்லின் நேர்ப்பொருளாகவும் வாசிக்கலாம். இது தற்செயல்தான், வேர்கள் வேறு. ஆனாலும் இப்படி ஒன்று தானாக அமைந்ததைப் பார்த்தபோது அன்று முழுக்க மகிழ்ச்சியாக இருந்தது.

சரி, கடினமான இடங்களில் நிற்கிறதா என்று பார்ப்போம். புரோப்பிலீன் கார்பனேட் என்ற கரைப்பானைக் கொண்ட மின்பகுளியில் (இரு மின்வாய்களுக்கும் நடுவே அயனிகளைக் கடத்தும் திரவம்) கிராஃபைட்டைப் போட்டால் லித்தியத்தோடு கரைப்பான் மூலக்கூறும் சேர்ந்து ஏடுகளுக்குள் வருகிறது. ஏடுகள் பிரிந்து உதிர்ந்துவிடுகின்றன. கிராஃபைட் மின்வாய் நடைமுறைக்கு வர நாளானதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த மின்கலத்தில்கூட இருந்தது ஒழுங்கான கிராஃபைட் இல்லை, அடுக்குச் சீர் குறைந்த ஒரு கார்பன்தான். எத்திலீன் கார்பனேட் கலந்த மின்பகுளியில் கிராஃபைட் தாக்குப்பிடிக்கும் என்பதை மின்கல ஆய்வாளர் ஜெஃப் டானும் உடன் ஆய்ந்தவர்களும் 1990இல் காட்டினார்கள். அதன் பிறகுதான் பாதை திறந்தது. இங்கே கரைப்பானும் சேர்ந்து வருவதை உடன்புகல் என்றும், ஏடுகள் பிரிந்து போவதை ஏடுரிதல் என்றும் எழுதினேன். இரண்டுக்கும் விளக்கக் குறிப்பே தேவைப்படவில்லை.

எல்லை எங்கே என்பதையும் சொல் காட்ட வேண்டும். சிலிக்கனும் லித்தியத்தை ஏற்கிறது. கிராஃபைட் கிராமுக்கு 372 மில்லியாம்பியர்-மணி ஏற்றால் சிலிக்கன் 3,500க்கும் மேல் ஏற்கும். ஆனால் அங்கே பழைய கட்டமைப்பு குலைந்து புதிய கலவை உருவாகிறது. பருமன் மூன்று நான்கு மடங்காகிறது. புகலிடமே இடிந்துபோகும்போது அதைப் புகல் என்று சொல்ல முடியாது. இரண்டையும் உள்ளடக்கிய பொதுச்சொல் வேண்டுமானால் லித்தியமேற்றம் போதும்.

எத்திலீன் கார்பனேட் செய்யும் உதவிக்கும் ஒரு சொல் வேண்டும். முதல் மின்னேற்றத்தில் மின்பகுளி கொஞ்சம் சிதைந்து கிராஃபைட்டின் மேல் சில பத்து நானோமீட்டர் அளவில் ஒரு மெல்லிய தோலாகப் படிகிறது. அது லித்தியம் அயனியை விடும், எலக்ட்ரானையும் கரைப்பானையும் விடாது. மின்வேதியியலாளர் இமானுவேல் பெலெட் 1979இல் இதற்குப் பெயர் கொடுத்தபோது 'இன்டர்ஃபேஸ்' (interface) என்று வைக்காமல் அதைப் போலவே ஒலிக்கும் வேறொரு சொல்லை (interphase) வைத்தார். அதன் ஈற்றில் இருப்பது முகம் அல்ல, நிலைமை. இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் பரப்பு அல்ல, நடுவில் தனக்கென்று தடிமன் உள்ள மூன்றாவது பொருள். தமிழில் எழுதும் பலர் 'இடைமுகம்' என்று போட்டு இந்த வேறுபாட்டை இழந்துவிடுகிறார்கள். 'திண்ம இடைப்படலம்' என்று எழுதலாம்.

அடுத்தது எல்லாவற்றிலும் மோசமான சிக்கல். பாடநூல்களில் ஆனோடு என்றால் நேர்மின்வாய், கேத்தோடு என்றால் எதிர்மின்வாய் என்று படித்திருக்கிறோம். மின்னாற்பகுப்புக்கு அது சரி. மின்கலத்தில் கிராஃபைட்டை எல்லோரும் ஆனோடு என்கிறார்கள், ஆனால் அது இருப்பது எதிர்முனையில்! 'கிராஃபைட் நேர்மின்வாய்' என்று மொழிபெயர்த்து, அதையே எதிர்முனையோடு இணைக்கச் சொன்னால் மாணவர் என்ன செய்வார்? 1834இல் ஃபாரடே இந்தச் சொற்களை அறிஞர் வில்லியம் ஹ்யூவெல்லோடு கடிதம் எழுதி விவாதித்துத்தான் முடிவு செய்தார். மின்னோட்டம் பற்றிய கருத்து நாளை மாறினாலும் சொல் பொய்யாகக் கூடாது என்பதற்காக, நேர், எதிர் என்ற குறியே இல்லாமல் கிரேக்கத்தில் மேல்வழி, கீழ்வழி என்று பொருள்படும் சொற்களைத் தேர்ந்தார்கள். அவர்கள் கவனமாக வெளியே வைத்த குறியை நாம் மொழிபெயர்க்கும்போது உள்ளே வைத்துவிட்டோம்.

மீண்டும் மின்னேற்றும் கலத்தில் இது இன்னும் சிக்கலாகிறது. வினையின்படி பார்த்தால் எலக்ட்ரானை இழக்கும் வினை நடக்கும் இடம் ஆனோடு, பெறும் வினை நடக்கும் இடம் கேத்தோடு; ஆகவே மின்னிறக்கத்தில் ஆனோடாக இருப்பது மின்னேற்றத்தில் கேத்தோடாகிவிடும். மாறாதது குறி மட்டுமே: இரண்டு வேளையிலும் கிராஃபைட் பக்கம்தான் எதிர்முனை. ஆகவே மின்கலத்துக்கு நேர்முனை, எதிர்முனை என்று மட்டும் எழுதலாம்; வினையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆனோடு, கேத்தோடு என்று ஒலிபெயர்த்தே எழுதலாம். நேர்மின்வாய், எதிர்மின்வாய் இரண்டையும் இந்தத் துறையில் தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிராஃபைட் என்ற பெயருக்கே தமிழ் வேண்டும் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். காரீயம் வேண்டவே வேண்டாம். கிராஃபைட்டை ஈயத்தின் ஒரு வகை என்று உலகமே நம்பிய காலத்தின் மிச்சம் அது. அது கார்பன்தான் என்று 1779இல் வேதியியலாளர் ஷீலே காட்டினார். போதாததற்குக் காரீய அமில மின்கலம் என்று வேறொரு மின்கலமே இருக்கிறது! எழுதுகரி எனக்குப் பிடிக்கிறது; 1789இல் கனிமவியலாளர் வெர்னர் வைத்த கிராஃபைட் என்ற பெயரும் எழுதுதல் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். இருந்தாலும் கனிமப் பெயர்கள் அப்படியே வழங்குவது வழக்கம் என்பதால் கட்டுரையில் கிராஃபைட் என்றே வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதில்தான் உங்கள் உதவி வேண்டும். லித்தியம் எல்லா இடைவெளியையும் ஒரே நேரத்தில் நிரப்புவதில்லை. முதலில் சில ஏடுகள் விட்டு ஓர் இடைவெளியில், பிறகு நெருக்கமாக என்று ஒழுங்காக நிரம்புகிறது. ஆங்கிலத்தில் இவற்றுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு லித்தியம் அடுக்குகளுக்கு நடுவே எத்தனை கார்பன் ஏடுகள் என்பதே அந்த எண். நிரம்ப நிரம்ப எண் குறையும், முழுதும் நிரம்பியது ஒன்று. 'படிநிலை 1' என்று எழுதினால் இப்போதுதான் தொடங்குகிறது என்று வாசகர் நினைப்பார். அதனால் நாலேட்டு நிலை, மூவேட்டு நிலை, ஈரேட்டு நிலை, ஓரேட்டு நிலை என்று எழுதிப் பார்த்தேன். எண் எதைக் குறிக்கிறது என்பது பெயரிலேயே இருக்கிறது. ஒரு பத்தி இப்படி வந்திருக்கிறது:

"மின்னேற்றம் தொடங்கும்போது கருநிறமாக இருந்த கிராஃபைட், லித்தியம் இடைப்புக இடைப்புக நீலம் கலந்து, ஈரேட்டு நிலையில் செந்நிறமாகி, ஓரேட்டு நிலையை எட்டும்போது பொன்னிறம் கொள்கிறது. மின்னிறக்கத்தில் லித்தியம் இடைநீங்க, அதே நிறங்கள் தலைகீழ் வரிசையில் திரும்புகின்றன."

ஈரேட்டு நிலை என்பதை 'ஈர் ஏடுகள் கொண்ட பொருள்' என்று யாராவது தவறாக வாசிக்க வாய்ப்புண்டா? 'ஈரேட்டிடை நிலை' என்று நீட்டினால் அந்த ஐயம் போகும், ஆனால் வாய்விட்டுச் சொல்லச் சற்றுக் கடினம். இரண்டையும் மேலே உள்ள பத்தியில் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்து எது தங்குகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்.