டேப்பட் பார்க்க என்ஜினைச் சுற்றுவது: பின் வீலா, மேக்னெட் நட்டா?

ஸ்பிளெண்டர்_செல்வம்: 100 சிசி வண்டி. டேப்பட் (வால்வுக்கும் அதை அழுத்துற ராக்கர் கைக்கும் நடுவுல உள்ள இடைவெளி) சத்தம், நானே வீட்ல சரிபண்ணப் போறேன். டாப் கியர் போட்டு பின் வீலைக் கையால சுத்தி பிஸ்டனை மேல கொண்டுவரலாம்னு ஒருத்தர் சொல்றார். கிராங்க் (பிஸ்டன் சுத்த வைக்கிற தண்டு) முனையில இருக்கிற மேக்னெட்டோட கவர் மூடியைக் கழட்டி நட்டுல ஸ்பேனர் போடுன்னு இன்னொருத்தர். எது சரி?

பழைய_பட்டறை: வீல்தான் தம்பி. முப்பது வருஷமா அப்படித்தான் செய்றேன். அந்த மேக்னெட் நட்டை நீங்க சுத்தவேண்டிய திசை கடிகாரத்துக்கு எதிர்த்திசை. நட்டு கழலுற திசையும் அதேதான். கம்ப்ரஷன் (பிஸ்டன் அடைபட்ட காத்தை அழுத்துறது) இறுக்கிப் பிடிக்கிறப்ப அழுத்தினா கிராங்க் நிக்கும், நட்டு லூசாகும். லூசாகி வந்த வண்டிங்களைப் பார்த்திருக்கேன்.

கரூர்_கலா: அண்ணே, அது ஸ்பார்க் பிளக்கைக் கழட்டாம சுத்துறவங்களுக்கு வர்ற பிரச்சினை. பிளக் வெளியில இருந்தா கம்ப்ரஷனே கிடையாது, ஸ்பேனர் லேசா நகரும், நட்டு அசையாது.

வீலோட கணக்கைப் பாருங்க. டாப் கியர்ல வீல் ஒரு சுத்து போனா கிராங்க் கிட்டத்தட்ட பத்து சுத்து போகும். டயரை ஒரு செ.மீ. நகர்த்தினாலே கிராங்க் சுமார் 20 டிகிரி திரும்பிடும். செயின் தொய்வு வேற. இதுல 'டி' கோட்டை (பிஸ்டன் உச்சியில இருக்குன்னு காட்டுற மேக்னெட் குறி) எப்படி நேரா நிறுத்துவீங்க?

இன்னொண்ணு, இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். ஒரு கையால வீலைச் சுத்துறப்ப இன்னொரு கை செயின்கிட்ட போகுது. எங்க தெருவுல ஒரு பையன் ஸ்ப்ராக்கெட்ல விரல் நுனியை இழந்தான். என்ஜின் ஓடிக்கிட்டுக்கூட இல்ல.

பழைய_பட்டறை: விரல் விஷயம் உண்மை, மறுக்க மாட்டேன். ஆனா 'டி' கோடு டிகிரி கணக்குல தப்பினாலும் டேப்பட் கெடாதும்மா. அந்த இடத்துல கேம் (வால்வைத் திறக்க வைக்கிற புடைப்புள்ள தண்டு) ரெண்டு வால்வையும் தொடாம வட்டமாத்தான் இருக்கும். கெடுக்கிறது வேற. கேம் ஒரு சுத்து சுத்த கிராங்க் ரெண்டு சுத்து சுத்தணும், அதனால 'டி' ரெண்டு தடவை வரும். தப்பான 'டி'யில நிறுத்தினா வால்வு ரெண்டும் லேசா திறந்திருக்கும். அங்க கேஜ் (இடைவெளி அளக்குற தகடு) வச்சு செட் பண்றவங்கதான் அதிகம். நட்டு முறையில சுத்துறவங்களும் இந்தத் தப்பைப் பண்றாங்க.

கரூர்_கலா: சரிதான். ராக்கர் ரெண்டையும் விரலால ஆட்டிப் பார்க்கணும். ரெண்டும் ஆடினாத்தான் கம்ப்ரஷன் 'டி'. ஆடலைன்னா இன்னும் ஒரு முழுச் சுத்து. கோட்டைத் தாண்டிட்டா பின்னாடி திருப்பாதீங்க, டைமிங் செயின்ல தொய்வு மறுபக்கம் போயிடும். முன்னாடியே ரெண்டு சுத்து வாங்க. என்ஜினும் ஆறியிருக்கணும், ராத்திரி நிறுத்தி காலையில செய்யுங்க.

பழைய_பட்டறை: ராக்கரை ஆட்டிப் பாக்குறதுல எனக்கும் உடன்பாடு. வீல் மட்டும் விடமாட்டேன். செயின் கவர் மூடியிருக்கிற வண்டியில விரல் எங்க போகும்?

ஸ்பிளெண்டர்_செல்வம்: என் வண்டியில செயின் கவர் எப்பவோ உடைஞ்சு போச்சு அண்ணே. நட்டுலயே போறேன், பிளக்கைக் கழட்டிட்டு.