தடைக்காலத்தில் அடித்த அலாரம்

மண்டபம்காரன் எழுதுகிறேன். ஒரு டேட்டா கம்பெனியில் இன்ஜினியரிங் டீம் லீடு, வேலை பெரும்பாலும் வீட்டிலிருந்துதான். கரையில் கொட்டுகிற மீனைப் போனில் படம் எடுத்தால் என்ன மீன், ஏறக்குறைய எத்தனை கிலோ என்று கணிக்கிற மாடல் எங்களுடையது.

ஏப்ரல் பாதியில் ஒரு ராத்திரி ஆன்கால் தம்பி, அதாவது டேட்டா குறைந்து அலாரம் அடித்தால் பார்க்க வேண்டிய முறைக்காரன், கூப்பிட்டான். கோயம்புத்தூர்ப் பையன், கெட்டிக்காரன். "அண்ணே, ராமேஸ்வரம், மண்டபம் ரெண்டுலயும் டேட்டா விழுந்துருச்சு. பழைய வெர்ஷனுக்குத் திருப்பிடவா?"

"ஒண்ணும் உடையலப்பா, மீன்பிடித் தடைக்காலம். போய்த் தூங்கு."

காலையில் அவனே ஒரு மாற்றம் எழுதி அனுப்பியிருந்தான்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அலாரமே அடிக்காது. நான் ஏற்கவில்லை. தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு போகும். வரத்து குறையும், மீன் கலவை மாறும், ஆனால் பூஜ்யம் ஆகாது. அலாரத்தை அணைத்துவிட்டால் நிஜமாகவே பைப்லைன், அதாவது கரையிலிருந்து டேட்டா வருகிற வழி, உடைந்தாலும் ரெண்டு மாசம் யாருக்கும் தெரியாது. இன்னொன்று, இங்கே 61 நாள் வந்தது 2017-ல். அதற்கு முன் 45 நாள், மே மாதக் கடைசியில் முடிந்துவிடும். பழைய பதிவுகளைச் சரிபார்க்கவும் இதே தேதியைப் போட்டால் 2015 ஜூன் முதல் பாதியின் விசைப்படகு வரத்தெல்லாம் தப்பான பதிவு என்று கழிந்துபோகும்.

சரி, படகு வகை வாரியாக அலாரம் வைக்கலாம் என்று பார்த்தால், அந்தக் கட்டம் பாதிப் பதிவுகளில் காலி. தம்பியைக் கரைக்கு வரச் சொன்னேன். பதிவு போடுகிறவர் ஐஸ் தண்ணீர் சொட்டுகிற விரலால் சின்னப் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, முடியாமல் அடுத்த கட்டத்துக்குப் போனார். தம்பி பக்கத்தில் நின்று பார்த்தான். பட்டியலுக்குப் பதில் ரெண்டு பெரிய படகுப் படம், விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும். அதை அவனேதான் செய்தான்.

*

எனக்கு தொண்டி, வேலை பெங்களூரில். எங்கள் டீமில் மாடல் மதிப்பெண் பிரமாதமாக வந்தது. பார்த்தால், ஒரே மீன் குவியலை நாலு கோணத்தில் எடுத்த படங்கள் பயிற்சியிலும் இருந்தன, சோதனையிலும் இருந்தன. கேள்வித்தாளை முன்னாடியே பார்த்த பையன் முதல் மார்க் வாங்குவதில் என்ன அதிசயம்? படகும் நாளும் வாரியாகப் பிரிக்கச் சொன்னேன், மதிப்பெண் சரிந்தது. மேலிடத்தில் அதைச் சொல்ல நான்தான் போனேன், பிரித்த பெண்ணை அனுப்பவில்லை. லீடு சம்பளத்தில் பாதி இதற்குத்தான் என்பது என் கணக்கு.

*

கீழக்கரையிலிருந்து ஒரு சந்தேகம். மண்டபம் அண்ணனுக்கு ஊர் தெரியும், தம்பி தப்பித்தான். அண்ணன் அன்றைக்கு லீவில் இருந்திருந்தால்?

*

மண்டபம்காரன்தான் மறுபடியும். நியாயமான கேள்வி. அதற்காகவே ஆன்கால் குறிப்பில் ஊர் விஷயத்துக்கு ஒரு பக்கம் சேர்த்தோம். தடைக்காலம், பாம்பனில் ஏறுகிற புயல் கூண்டு, மண்டபத்தில் வடக்குக் கரை பாக் விரிகுடாப் பக்கம், தெற்குக் கரை மன்னார் வளைகுடாப் பக்கம் என்பதால் ஒன்றில் வரத்து நின்றாலும் மற்றதில் இருக்கலாம் என்பது, எல்லாம் அதில் உண்டு. எழுதியவன் அந்தக் கோயம்புத்தூர்த் தம்பிதான். மீனவர் ஸ்ட்ரைக் எப்போது முடியும் என்ற வரிக்கு மட்டும் என் மாமா நம்பரைப் போட்டிருக்கிறான். மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை.