ஒரே சீட் இரண்டு பேருக்குப் போகிறது, டெஸ்டில் சிக்கவில்லை: உதவி தேவை

பட்டர்வொர்த்_நிரலர்:
வணக்கம். பேருந்து டிக்கெட் தளம் ஒன்றில் வேலை செய்கிறேன். தைப்பூச நெரிசலில் கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரும் இரவுப் பேருந்தில் ஒரே சீட் இரண்டு பேருக்கு விற்றுப்போனது. கைக்குழந்தையோடு ஏறிய குடும்பத்துக்கு உட்கார இடமில்லை. இது இன்னொரு முறை நடக்கக் கூடாது.

சீட்டைத் தேர்ந்தெடுத்ததும் ரெடிஸில் (தரவை மெமரியில் வைக்கும் வேகமான சேமிப்பு) அந்த சீட்டுக்கு 5 நிமிடப் பூட்டு போடப்படும். அப்புறம் பணம் கட்டுவது, தரவுத்தளத்தில் பெயரை எழுதுவது, பூட்டை விடுவது. நிரல் கோ மொழியில். ரேஸ் டிடெக்டர் (ஒரே தரவை நிரலின் இரண்டு பகுதிகள் ஒரே நேரத்தில் தொட்டால் காட்டும் கருவி) ஒன்றும் காட்டவில்லை. நிறையப் பேர் ஒரே நேரத்தில் வாங்குவது போல ஓட்டும் லோட் டெஸ்ட் விடிய விடிய ஓடியும் பிழை வரவில்லை. எங்கே தேடுவது?

செந்தூல்_அண்ணன்:
தம்பி, ரேஸ் டிடெக்டர் ஒரு புரோசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலின்) மெமரிக்குள் நடப்பதை மட்டும்தான் பார்க்கும். உங்கள் மோதல் சர்வர்களுக்கு இடையே. வங்கிப் பக்கத்தில் ஒருவர் 6 நிமிடம் மாட்டிக்கொண்டால் பூட்டு காலாவதியாகிவிடும், அடுத்தவர் அதே சீட்டைப் பிடிப்பார். பூட்டு தரும்போதெல்லாம் ஏறிக்கொண்டே போகும் எண் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். பழைய எண்ணோடு வருபவரைத் தரவுத்தளம் மறுத்துவிடும்.

ஜெலுத்தோங்_வாசி:
அண்ணன் சொன்ன இடம் சரிதான். ஆனால் நிரலைத் தொடுமுன் வடிவமைப்பை டிஎல்ஏ பிளஸ்ஸில் (TLA+, வடிவமைப்பைக் கணித முறையில் விவரிக்கும் மொழி) எழுதிப் பாருங்கள். கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கியது, இலவசம். இரண்டு பேர், ஆளுக்கு நான்கு படி என்றாலே 70 விதமாகக் கலக்கலாம். லோட் டெஸ்ட் வழக்கமான சில வரிசைகளையே திரும்பத் திரும்ப ஓட்டும். டிஎல்ஏ பிளஸ்ஸோடு வரும் சோதனைக் கருவியான டிஎல்சி எல்லாவற்றையும் நடந்து பார்க்கும். அமேசான் 2011 முதல் இதைப் பயன்படுத்துகிறது. அவர்களின் டைனமோடிபி தரவுத்தளத்தில் 35 படி தள்ளி ஒளிந்திருந்த பிழையை இப்படித்தான் பிடித்தார்கள்.

40 சீட் வேண்டாம். ஒரு சீட், இரண்டு பயணிகள் போதும். 5 நிமிடத்தையும் கணக்கிட வேண்டாம். பூட்டு எந்த நேரமும் தானாகக் காலாவதியாகலாம் என்று தனி புரோசஸ் ஒன்று எழுதுங்கள். மாறாத விதி: ஒரு சீட்டுக்கு இரண்டு டிக்கெட் கிடையாது.

பட்டர்வொர்த்_நிரலர்:
எழுதினேன். அண்ணன் சொன்ன எண்ணையும் சேர்த்தேன். அப்படியும் விதி உடைகிறது! டிஎல்சி காட்டிய வரிசை: முதலாமவர் 1ஆம் எண்ணோடு பூட்டுகிறார், பூட்டு காலாவதியாகிறது, இரண்டாமவர் 2ஆம் எண் வாங்குகிறார், முதலாமவர் முந்திக்கொண்டு எழுதி டிக்கெட் வாங்குகிறார், இரண்டாமவரின் எண் பெரிது என்பதால் அவர் பெயர் அதன்மேல் எழுதப்படுகிறது.

செந்தூல்_அண்ணன்:
அட, ஆமாம். எண் பழையதை மட்டும்தான் தடுக்கும், விற்றுப்போன சீட்டைக் காக்காது. பயணமும் சீட் எண்ணும் சேர்ந்து ஒரு முறைதான் வரலாம் என்று தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடு போடுங்கள். சீட்டை உண்மையில் காப்பது அதுதான். வீணாக இரண்டு பேர் பணம் கட்டுவதைக் குறைக்கத்தான் பூட்டு.

பட்டர்வொர்த்_நிரலர்:
போட்டதும் விதி உடையவில்லை, டிஎல்சி முழுவதும் ஓடி முடித்தது. ஆனால் தோற்றவர் பணம் கட்டியிருப்பாரே?

ஜெலுத்தோங்_வாசி:
அதற்கு இன்னொரு விதி எழுதுங்கள்: பணம் கட்டியவருக்குக் கடைசியில் சீட்டோ பணமோ கிடைத்தே தீர வேண்டும். பணம் திருப்பும் புரோசஸுக்கு வீக் ஃபேர்னஸ் (செய்ய முடிந்த நிலையிலேயே தொடர்ந்து இருக்கும் படி என்றாவது நடந்தே தீரும் என்ற நிபந்தனை) கொடுங்கள், இல்லாவிட்டால் அது சும்மா நிற்பதையே டிஎல்சி பிழையாகக் காட்டும். அதோடு, பணம் கட்டியதும் சர்வர் விழுவதையும் ஒரு படியாகச் சேருங்கள். திருப்ப வேண்டிய பணத்தின் பதிவு மெமரியில் மட்டும் இருந்தால் இந்த விதி அங்கே உடையும்.