சந்தையில பணம் ஓடுது, கணக்குல ஏன் படுத்துக்குது?

பாலக்கோடு_பையன்:
பி.காம் முடிச்சிட்டு அப்பாவோட மளிகைக்கடையில உக்காந்திருக்கேன். சந்தை அன்னிக்கு காலையில மண்டிக்காரருக்கு ஒரு 500 ரூவா நோட்டு குடுத்தேன், ஓரத்துல பச்சை இங்க்ல யாரோ பூ வரைஞ்சிருந்தாங்க, சாயங்காலம் தக்காளி பறிச்சிட்டு வந்த அக்கா எண்ணெய் வாங்க அதையே நீட்டுறாங்க! ஆனா ஒரு ரூவா எத்தனை தடவை கை மாறுதுங்கிற வேகத்த, ஜிடிபிய (நாட்டோட ஒரு வருஷ மொத்த உற்பத்தி மதிப்பு) எம்3ஆல (ஜனங்க கையில இருக்கிற காசும் பேங்க் டெபாசிட்டும் சேர்ந்த மொத்தப் பணம்) வகுத்துப் பாத்தா, நம்ம நாட்டுல வருஷத்துக்கு 1.2 தடவை கிட்டதான் வருது. எப்படி?

பழைய_கேஷியர்:
தம்பி, எம்3ல பெரும்பங்கு டெபாசிட், அது தூங்குற பணம். நோட்டை மட்டும் வச்சு வகுத்துப் பாருங்க, எட்டு ஒம்பது கிட்ட வரும். இன்னொண்ணு, மண்டிக்குப் போன காசு ஜிடிபில தனியா ஏறாது, கடைசியா விக்கிற எண்ணெய்தான் ஏறும். 1969ல பேங்குகள அரசுடைமையாக்கின பிறகு ஊருக்கு ஊரு பிராஞ்ச் வந்துச்சு, ராகி குடுத்து சாமான் வாங்கினவங்களும் காசுக்கு மாறினாங்க, முந்தானையில முடிஞ்சது பாஸ்புக்குக்கு போச்சு. வளர்ற நாட்டுல ஆரம்பத்துல வேகம் குறையறது அதனாலதான்.

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி:
அண்ணன் சொல்றது சரி, ஆனா காசு எத்தனை நாளைக்கு ஒருக்கா கைக்கு வருதுங்கிறத விட்டுட்டாரு, பொருளாதார நிபுணர் இர்விங் ஃபிஷர் 1911லயே எழுதினது. வாரக்கூலி 3,500 வாங்கி சமமா செலவு பண்றவர் கையில சராசரியா 1,750 இருக்கும். அதே அளவு சம்பாத்தியத்த மாசச்சம்பளமா 15,000 வாங்கினா 7,500. எங்களுக்கு பெங்களூரா ரக மாங்காய் வித்த காசு வருஷத்துக்கு ஒரு தடவைதான், அதுவும் கூழ் ஃபேக்டரில லேட்டாதான் குடுப்பாங்க, 1,80,000ன்னா சராசரி 90,000 வீட்டுலயோ பேங்க்லயோ கெடக்கணும். விவசாயம் அதிகமா இருக்கிற ஊர்ல பணம் மெதுவா சுத்துறதுக்கு இது பெரிய காரணம்.

ஓசூர்_ஷிஃப்ட்:
விலை ஏறினா வேகம் கூடும்ல? 2023 ஜூலைல தக்காளி கிலோ நூறத் தாண்டிச்சே.

பழைய_கேஷியர்:
தக்காளி மட்டும் ஏறினா பத்தாது. எல்லா விலையும் ஏறிட்டே இருக்கும்னு ஜனங்க நெனச்சாதான் காசு கையில நிக்காது, சாமானாவோ தங்கமாவோ மாத்திடுவாங்க. பேங்க் வட்டி கூடினாலும் சும்மா நோட்டா வச்சிருக்க மாட்டாங்க.

பாலக்கோடு_பையன்:
அப்ப எங்க கடை கடன் நோட்டும் வேகத்த கூட்டுது போல, காசே இல்லாம சரக்கு போகுதே 😅 அந்த பூ நோட்டுக்கு நேத்து வேலை முடிஞ்சுது, அப்பா சீட்டுக்கு கட்டிட்டாரு.